ஒற்றைக்கண் கார்: ஹெட்லைட் பிழையை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

அம்மா குடியாத்தத்தில், நாங்கள் வேலூர் சத்துவாச்சாரியில். சனிக்கிழமை வேலை முடித்துக் கிளம்பினால் லத்தேரி தாண்டும்போதே இருட்டிவிடும். வண்டி 2011 மாடல் சின்ன கார், இரண்டாம் கை. அந்தச் சாலையில் ஒரே வருடத்தில் நான்கு முறை இடது பக்க ஹெட்லைட் அணைந்தது. ஒற்றைக் கண்ணோடு வருகிற காரை எதிரே வருபவர் பைக் என்று நினைத்து நெருங்கி வருவார். அதுவும் நமக்கு அணைந்தது வலது பக்கமாக இருந்தால் அவர் நெருங்குவது நம் கதவை நோக்கித்தான். ஆகவே இதைத் தள்ளிப்போடும் வேலையாக நான் எடுத்துக்கொள்வதில்லை.

நான்கு முறையும் பல்பை மாற்றினேன். ஐந்தாவது முறைதான் விஷயம் புரிந்தது. ஒரு பல்பு ஒரு முறை போனால் அதற்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான். அதே பக்கம் சில மாதத்தில் மறுபடியும் போனால் குற்றவாளி பல்புக்குப் பின்னால் இருக்கிறான்.

அதற்கப்புறம் மைத்துனர் வண்டி, மேல்வீட்டுக்காரர் வண்டி, அலுவலக நண்பர்கள் வண்டி என்று நிறைய பார்த்தாயிற்று. கீழே உள்ளது அதிலிருந்து வந்தது. உங்கள் வண்டியின் அறிகுறி எதுவோ நேராக அந்தத் தலைப்புக்குப் போய்விடலாம். பெரும்பாலான சின்ன கார்களில் இருக்கும் மூன்று பின் எச்4 பல்பை மனதில் வைத்தே எழுதுகிறேன். அதில் டிம், பிரைட் இரண்டு இழையும் ஒரே பல்பில் இருக்கும். டிம் 55 வாட்ஸ், பிரைட் 60 வாட்ஸ். டிம்முக்கும் பிரைட்டுக்கும் தனித்தனி பல்பு உள்ள வண்டி என்றாலும் சோதனை முறை பெரிதாக மாறாது.

கையில் வேண்டியவை: ஒரு டெஸ்ட் லேம்ப் (வயரில் கரண்ட் வருகிறதா என்று எரிந்து காட்டும் சின்ன விளக்கு), சாதாரண மல்டிமீட்டர், சுத்தமான பருத்தித் துணி, ஒரு துண்டு உப்புத்தாள், இரண்டு மூன்று உபரி ஃபியூஸ். மொத்தமும் ஒரு டிஃபன் பாக்ஸில் அடங்கிவிடும்.

ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை

முதலில் டிம், பிரைட் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

ஒன்று மட்டும் எரிந்து மற்றது எரியவில்லை என்றால் ஏறக்குறைய நிச்சயமாக அந்த இழைதான் போயிருக்கும். டிம்தான் அதிக நேரம் எரிவது. அதனால் முதலில் போவதும் அதுதான். பல்பைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இழை அறுந்து தொங்குவது தெரியும். கண்ணாடி கறுத்தோ, பால் நிறமாகவோ இருந்தாலும் முடிந்தது.

இரண்டுமே எரியவில்லை என்றால் ஃபியூஸுக்குப் போங்கள். பல வண்டிகளில் இடதுக்கும் வலதுக்கும் தனி ஃபியூஸ். பெட்டி மூடியின் உள்பக்கம் படம் இருக்கும். ஃபியூஸின் நிறமே அதன் அளவு: சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. போன நிறத்துக்கு அதே நிறம்தான் போட வேண்டும். சிவப்பு கிடைக்கவில்லை என்று மஞ்சள் போடுவதும், சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றி வைப்பதும் வயரிங்கை எரிப்பதற்கான வழிகள். புது ஃபியூஸும் உடனே போனால் எங்கோ வயர் பாடியில் உரசுகிறது. அத்தோடு நிறுத்திவிட்டு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போங்கள். மூன்றாவது ஃபியூஸ் போட்டுப் பார்க்கும் ஆசை வரும், வேண்டாம்.

ஃபியூஸும் சரி என்றால் ஒரு எளிய சோதனை: எரிகிற பக்கத்து பல்பை எரியாத பக்கத்தில் மாட்டுங்கள். எரிந்தால் பழைய பல்புதான் பிரச்சினை. எரியாவிட்டால் கடைக்குப் போய்ப் புதிது வாங்குவது வீண் செலவு; அடுத்த தலைப்பைப் படியுங்கள்.

பல்பு மாற்றுவது இப்படி. லைட்டை அணைத்துப் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். பின்னால் உள்ள மூன்று பின் கப்ளரை, அதாவது பல்பின் பின்களில் வயரைச் சேர்க்கும் பிளாஸ்டிக் சொருகியை, நேராக இழுங்கள். வயரைப் பிடித்து இழுத்தால் அடுத்த மாதம் அதற்குத் தனியாக வேலை வைக்கும். ரப்பர் மூடியை ஓரம் பிடித்து உரியுங்கள். உள்ளே ஒரு கம்பி கிளிப் இருக்கும். அழுத்தி, பக்கவாட்டில் தள்ளினால் திறக்கும். அது எப்படி மாட்டியிருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு நன்றி சொல்வீர்கள். புது பல்பின் கண்ணாடியில் விரல் படக் கூடாது. விரலில் உள்ள எண்ணெய்ப்பசை அந்த இடத்தில் மட்டும் சூட்டை ஏற்றிக் கண்ணாடியைக் கெடுத்துவிடும். தவறிப் பட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து உலரவிட்டு மாட்டலாம். பல்பின் வளையத்தில் மூன்று காது இருக்கும், ஒன்று மட்டும் அகலம், அது மேலே. மூன்றும் பள்ளத்தில் உட்கார்ந்த பிறகு பல்பு அசையவே கூடாது.

ரப்பர் மூடியைச் சுற்றிலும் அழுத்தி உட்கார வைப்பதைப் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். அதன் பலன் மழைக்காலத்தில் தெரியும்.

பேட்டரியோ ஏர் ஃபில்டரோ கையை நுழைய விடாத வண்டிகள் உண்டு. சிலவற்றில் பம்பரையே இறக்க வேண்டும். அந்த ரகம் என்றால் கூலி கொடுத்துச் செய்வதே மேல்.

அதே பக்கம் திரும்பத் திரும்பப் போகிறது

என் நான்கு பல்பின் கதை இது. காட்பாடி பக்கம் மரத்தடியில் கடை வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் ஐந்தாவது முறை போனேன். ‘அண்ணே, நல்ல கம்பெனி பல்பா ஒண்ணு போட்டுக் கொடுங்க’ என்றேன். அவர் பல்பைத் தொடவே இல்லை. கப்ளரை உருவி என் உள்ளங்கையில் வைத்தார். வெள்ளையாக இருக்க வேண்டிய பிளாஸ்டிக், கருகிய அப்பளத்தின் ஓரம் மாதிரி பழுப்பாகி இளகி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. மூன்று பித்தளைப் பற்களில் ஒன்று அகன்று போய், பல்பின் பின்னைப் பிடிக்காமல் சும்மா தொட்டுக்கொண்டிருந்தது. முகர்ந்து பார்த்தால் தீய்ந்த வாசனை.

‘பல்பு இன்னா சார் பண்ணும்? அதுக்குச் சோறு ஒழுங்கா போவல’ என்றார்.

வண்டியை எனக்கு முன் வைத்திருந்தவர் 100/90 வாட்ஸ் பல்பு போட்டு ஓட்டியிருக்கிறார். 60 வாட்ஸ் பல்பு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். 100 வாட்ஸ் பல்பு 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். தளர்ந்த இணைப்பில் உண்டாகும் சூடு கரண்டின் இருமடிக்கு ஏறும் என்பதால் ஏறக்குறைய மூன்று மடங்கு சூடு. கப்ளரும் மெல்லிய வயரும் அதற்குச் செய்தவை அல்ல. அவர் அந்த பல்பைக் கழற்றி வைத்துக்கொண்டு கருகிய கப்ளரை எனக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்.

உங்களுக்கும் இப்படி என்றால் செலவு குறைவானதிலிருந்து பாருங்கள்.

பல்பு சரியாக உட்கார்ந்திருக்கிறதா. கிளிப் தளர்ந்திருந்தால் பள்ளம் மேடுகளில் பல்பு உதறும். சூடான இழை உதறலைத் தாங்காது. கிளிப்பை லேசாக வளைத்து இறுக்கலாம். காசு செலவில்லை.

கப்ளர். பழுப்பு, இளகல், பச்சைக் களிம்பு, தளர்ந்த பல் இவற்றில் எது இருந்தாலும் மாற்றுங்கள். வயர் வாலோடு செராமிக் ஹோல்டர் கிடைக்கும். எனக்குப் பல்பின் விலையை விடக் குறைவாகவே ஆனது. பழைய வயரைக் கறுப்பு போய்ப் பளபளக்கும் செம்பு தெரியும்வரை பின்னால் வெட்ட வேண்டும். இது முக்கியம்: கறுத்த செம்பில் ஒட்டினால் அந்த ஒட்டே அடுத்த கப்ளராகிவிடும். முறுக்கி டேப் சுற்றுவது வேண்டாம். சால்டர் வைத்து, சூடாக்கினால் சுருங்கும் ஸ்லீவ் போட்டு மூடுங்கள், இல்லையென்றால் கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள். வெட்டுவதற்கு முன் எந்த வயர் எந்தப் பின் என்று படம் எடுத்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

எர்த், அதாவது கரண்ட் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு. ஹெட்லைட்டுக்குப் பக்கத்திலோ பேட்டரித் தட்டுக்கு அடியிலோ பாடியில் ஒரு போல்ட்டில் வயர் முடிந்திருக்கும். கழற்றி, உப்புத்தாளால் இரும்பு பளிச்சென்று தெரியத் தேய்த்து, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவுங்கள்.

சார்ஜிங். இரண்டு பக்கமும் அடிக்கடி போகிறது, பேட்டரியில் தண்ணீரும் சீக்கிரம் குறைகிறது என்றால் சந்தேகம் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் மேல். எஞ்சினை ஓட்டிக்கொண்டே பேட்டரி முனைகளில் மீட்டரை வையுங்கள். 13.8 முதல் 14.4 வரை இருந்தால் நலம். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. வோல்டேஜ் நூற்றுக்கு 5 கூடினாலே ஹாலஜன் பல்பின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். இதை வீட்டில் சரிசெய்ய முடியாது, ஆல்டர்னேட்டர் வேலை தெரிந்தவரிடம் போக வேண்டும். பல்பு போவது இங்கே சின்ன விஷயம். பேட்டரியும் சேர்ந்து போகும்.

கப்ளர் மாற்றி, எர்த் தேய்த்தபின் என் இடது பக்கம் மூன்று வருடமாக ஒரே பல்பில் எரிகிறது.

டிம் போட்டால் இரண்டு இழையும் மங்கலாக எரிகிறது

விசித்திரமாகத் தெரியும். டிம்தான் போட்டிருப்போம், ஆனால் டேஷ்போர்டில் பிரைட்டுக்கான நீல விளக்கும் லேசாக மினுங்கும். ஒரு பக்க பல்பு மட்டும் மஞ்சளாகச் சோம்பி எரியும். இரண்டு இழைக்கும் பொதுவான பின்னுக்கு இணைப்பு அறுந்துவிட்டது என்று பொருள். கரண்ட் போக வழி இல்லாமல் ஒரு இழை வழியாகப் புகுந்து மற்றதன் வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது. பல்பு வாங்காதீர்கள். கப்ளரில் அந்தப் பின், பிறகு அது போய்ச் சேரும் இடம், இரண்டையும் பார்த்தால் போதும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. எல்லா வண்டியிலும் பொதுப் பின் எர்த் என்று நினைக்க வேண்டாம். சில வண்டிகளில் பொதுப் பின்னுக்கு பாசிட்டிவ் வரும். ஸ்விட்ச் எர்த் பக்கத்தை வெட்டிச் சேர்க்கும். டெஸ்ட் லேம்பின் கிளிப்பைப் பாடியில் மாட்டிவிட்டுத் தேடினால் அந்த வண்டிகளில் தலை சுற்றிவிடும். மேல்வீட்டுக்காரர் வண்டியில் ஒரு ஞாயிறு முழுக்க எனக்குச் சுற்றியது. கிளிப்பை ஒரு முறை பேட்டரி நெகட்டிவிலும் ஒரு முறை பாசிட்டிவிலும் மாட்டிப் பாருங்கள், எந்த ரகம் என்று தெரிந்துவிடும்.

இரண்டு பக்கமும் எரியவில்லை

ஓடிக்கொண்டிருக்கும்போது அணைந்தால் முதலில் ஹசார்ட் போட்டு ஓரம் கட்டுங்கள். பள்ளிகொண்டா டோலைத் தாண்டி ஆறுவழிச் சாலையில் ஓடும்போது நடுவில் நின்று ஸ்விட்சைத் தட்டிக்கொண்டிருக்கக் கூடாது. ஃபாக் லைட் இருந்தால் அதை வைத்து மெதுவாக அடுத்த பெட்ரோல் பங்க் வரை போகலாம்.

பிறகு ஸ்டியரிங் பக்கத்துக் கம்பை உங்களை நோக்கி இழுத்து லைட் அடித்துப் பாருங்கள். இது இலவசச் சோதனை, ஆனால் நிறைய சொல்லும்.

இழுத்தால் எரிகிறது, சாதாரணமாகப் போட்டால் எரியவில்லை என்றால்: பிரைட் இழை, அதன் ஃபியூஸ், வயர் எல்லாம் நலம். கோளாறு அந்தக் கம்போடு சேர்ந்த காம்பினேஷன் ஸ்விட்சிலோ டிம் பக்கத்து ஃபியூஸிலோ. கம்பை மேலும் கீழும் லேசாக அசைத்துப் பாருங்கள். ஒரு நிலையில் எரிந்து எரிந்து அணைந்தால் உள்ளே தொடுமுனை தேய்ந்துவிட்டது. ஸ்விட்ச் மாற்ற ஸ்டியரிங்கைக் கழற்ற நேரலாம். ஏர்பேக் உள்ள வண்டியில் அந்த வேலையில் கை வைக்காதீர்கள், மெக்கானிக்கிடம் விடுங்கள்.

இழுத்தாலும் எரியவில்லை என்றால்: ரிலே, அதாவது சின்னக் கரண்டால் பெரிய கரண்டை இணைத்துத் துண்டிக்கும் ஸ்விட்ச். ஃபியூஸ் பெட்டியில் அதே எண் உள்ள ஹாரன் ரிலேவை எடுத்து ஹெட்லைட் ரிலே இடத்தில் செருகிப் பாருங்கள். எரிந்தால் ஒரு ரிலே வாங்கினால் தீர்ந்தது. அதுவரை ஹாரன் இருக்காது என்பதை மறந்து ஊருக்குள் நுழைந்துவிடாதீர்கள். எல்லா வண்டியிலும் ரிலே இருக்காது. பழைய சின்ன கார்களில் மொத்தக் கரண்டும் ஸ்விட்ச் வழியாகவே போகும்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். ‘இரண்டும் ஒரே நாளில் போனது’ என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு ஒன்று போய் ஒரு மாதமாகியிருக்கும். தெருவிளக்கு வெளிச்சத்தில் கவனித்திருக்க மாட்டார்கள். வாரம் ஒருமுறை சுவர் முன் நிறுத்தும்போது கண்ணால் எண்ணுங்கள்.

எஞ்சின் அறையில் கொறித்த பஞ்சு, எலிப் புழுக்கை, உரிந்த வயர் தெரிந்தால் மேலே சொன்ன எதுவும் வேண்டாம். எலி ஒரு வயரோடு நிறுத்தாது. எலக்ட்ரீஷியனை அழைத்து மொத்த வயரிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்குப் பக்கத்தில் வயலோ மளிகைக் கிடங்கோ இருந்தால் இது அறுவடைக்குப் பிறகு வரும் வருடாந்திர விருந்தாளி.

பள்ளத்தில் இறங்கினால் அணைகிறது, மேட்டில் எரிகிறது

தளர்ந்த இணைப்பு, வேறில்லை. லைட்டைப் போட்டுவிட்டு பானட்டைத் திறந்து கப்ளர், ஃபியூஸ், ரிலே, எர்த் போல்ட், பேட்டரி முனை என்று ஒவ்வொன்றாகக் கையால் அசைத்துப் பாருங்கள். எதை அசைக்கும்போது மினுக்குகிறதோ அதுதான். பேட்டரி முனையையும் சேர்த்துப் பாருங்கள். அது தளர்ந்திருந்தால் ஹெட்லைட் முதல் சாட்சி.

இந்த நிலையில் மலைக்குப் போகக் கூடாது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இருட்டிய பிறகு இறங்கிய மைத்துனர், ஒவ்வொரு வளைவிலும் லைட் ஒரு விநாடி கண்ணை மூடித் திறந்தது என்றார். கீழே வந்து பார்த்தால் எர்த் போல்ட் கையாலேயே சுழன்றது.

எரிகிறது, ஆனால் வெளிச்சம் போதவில்லை

பகலில் நின்று ஹெட்லைட்டை வெளியிலிருந்து பாருங்கள். மூன்று விதமாக இருக்கும்.

வெளிக்கண்ணாடி மஞ்சளாக, பனி படர்ந்த மாதிரி இருக்கிறது. அது கண்ணாடியே இல்லை, பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். மேலே உள்ள காப்புப் பூச்சு வெயிலில் போய்விட்டால் மஞ்சளாகும். கத்திரி வெயிலில் வண்டி வெளியே நிற்கிற நம் ஊரில் இது சீக்கிரமே நடக்கும். நிழலில் நிற்கிற வண்டியின் ஹெட்லைட்டையும் தெருவில் நிற்கிற அதே வயது வண்டியின் ஹெட்லைட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அண்ணன் தம்பி என்று சொல்ல மாட்டீர்கள். பழைய காலத்து நிஜக் கண்ணாடி ஹெட்லைட்டுக்கு இந்த நோய் இல்லை.

சரிசெய்வது எளிது, கை வலிக்கும். சுற்றிலும் பெயின்ட்டுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். வாட்டர் பேப்பர் 1000, 1500, 2000, 3000 என்ற வரிசையில், தண்ணீர் விட்டுக்கொண்டே தேயுங்கள். முதல் தாளில் மஞ்சள் தண்ணீர் வடியும். வெள்ளையாக வடியும்வரை அந்தத் தாளை விட வேண்டாம். பிறகு பாலிஷ் காம்பவுண்ட். அதோடு நிறுத்தினால் சில மாதத்தில் பழையபடி ஆகும், ஏனென்றால் மிச்சமிருந்த காப்புப் பூச்சையும் நாமே தேய்த்துவிட்டோம். வெயிலைத் தடுக்கும் யுவி கிளியர் கோட் அடித்தே ஆக வேண்டும். பல் பேஸ்ட் தடவினால் போதும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். தடவியது ஒரு வாரம் பளபளத்ததை நானும் பார்த்திருக்கிறேன்.

வெளியே தெளிவு, உள்ளே வெள்ளி முலாம் சாம்பல் நிறம். ரிஃப்ளெக்டர் போய்விட்டது. எந்த பல்பும் உதவாது, அசெம்பிளிதான், அதாவது ஹெட்லைட் முழுவதையும்தான், மாற்ற வேண்டும்.

இரண்டுமே நன்றாக இருக்கிறது. அப்போது கரண்ட் வழியில் வற்றுகிறது. எஞ்சின் ஓட, லைட் எரிய, பேட்டரியில் மீட்டர் வையுங்கள். பிறகு கப்ளர் மாட்டியபடியே அதன் பின்பக்கம் பின்களில் வையுங்கள். இரண்டுக்கும் அரை வோல்ட் வித்தியாசம் பரவாயில்லை. ஒன்றரை, இரண்டு வோல்ட் குறைகிறது என்றால் வழியில் திருடன் இருக்கிறான். வோல்டேஜ் நூற்றுக்கு 10 குறைந்தால் ஹாலஜன் வெளிச்சம் 30 வரை குறையும், அதனால்தான் சின்னத் தேய்மானமும் இரவில் பெரிதாகத் தெரிகிறது. எர்த், கப்ளர் பார்த்தும் இந்த வித்தியாசம் குறையவில்லை என்றால், பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயரும் இரண்டு ரிலேவும் கொண்ட வயரிங் கிட் போடலாம். பழைய ஸ்விட்ச் வெறும் கட்டளை கொடுக்கும், கரண்ட் அதன் வழியே போகாது. பேட்டரி பக்கத்தில் ஃபியூஸ் உள்ள கிட்டாக இருக்க வேண்டும். பொருத்துவதை எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள்.

நீலச் சாயம் பூசிய ஹாலஜன் பல்பு பார்க்க வெள்ளையாக இருக்கும், மழையில் சாலை தெரியாது. சாதாரண தெளிந்த பல்பே என் தேர்வு.

எதிரே வருபவர்கள் எல்லாம் லைட் அடிக்கிறார்கள்

நீங்கள் டிம்மில்தான் போகிறீர்கள், ஆனாலும் திட்டு வாங்குகிறீர்கள். முதலில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் 0 முதல் 3 வரை எண் போட்ட சக்கரம் இருக்கிறதா பாருங்கள். பின்னால் சுமை ஏறினால் மூக்கு மேலே தூக்கும். அப்போது எண்ணைக் கூட்டினால் ஒளி கீழே இறங்கும். தீபாவளிக்கு ஐந்து பேரும் டிக்கி நிறைய பையுமாக ஊருக்குப் போகும்போது யாரும் இதைத் தொடுவதே இல்லை.

அடுத்து பல்பு தப்பாக உட்கார்ந்திருக்கிறதா. கடையில் பல்பு மாற்றிய மறுநாளே இந்தப் புகார் வந்தால் அதுதான்.

அப்புறம் எல்இடி பல்பு. ஹாலஜனுக்குச் செய்த ரிஃப்ளெக்டரில் எல்இடி பல்பு போட்டால் வெளிச்சம் பிறக்கும் இடம் சில மில்லிமீட்டர் நகரும். நமக்குப் பத்தடி முன்னால் பகல் மாதிரி இருக்கும், தூரம் தெரியாது, எதிரே வருபவர் கண் கூசும். வேலூர் கிரீன் சர்க்கிள் பக்கம் மாலையில் ஐந்து நிமிடம் நின்றால் நான் சொல்வது புரியும். கழற்றிவிட்டு 60/55 ஹாலஜன் போடுவதுதான் தீர்வு, சரிக்கட்ட வேறு வழி இல்லை.

இதெல்லாம் சரி என்றால் திசையைப் பாருங்கள். எங்கள் தெரு முனைக் கல்யாண மண்டபத்தின் பக்கச் சுவர் எனக்கு வசதி. முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்து வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு நிறுத்துவேன். சமதளம், டயரில் சரியான காற்று, டிரைவர் சீட்டில் ஒருவர், சக்கரம் 0-வில். சுவரிலிருந்து 10 மீட்டர். தரையிலிருந்து ஹெட்லைட் நடுவின் உயரத்தை அளந்து சுவரில் சாக்பீஸ் கோடு போடுங்கள். டிம்மின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். சில ஹெட்லைட்டுகளில் 1% என்று அச்சிட்டிருப்பது இந்தக் கணக்குத்தான். வேறு எண் இருந்தால் அதன்படி. இடது ஓரம் மட்டும் மேலே ஏறுவது சரியே, நடைபாதையில் போகிறவர் தெரிவதற்காக. வலது பக்கம் ஏறினால் தப்பு. பின்னால் உள்ள திருகைக் கால் கால் சுற்றாகத் திருப்பிச் சரிசெய்யலாம். திருகு சுழல்கிறது, ஒளி நகரவில்லை என்றால் உள்ளே பிளாஸ்டிக் பல் உடைந்திருக்கிறது. டிங்கரிங் கடைக்குப் போங்கள்.

உள்ளே ஆவி, அல்லது தண்ணீர்

தண்ணீர் இல்லாத ஆறு என்று நம் ஊரைக் கேலி பேசுவார்கள். ஐப்பசி மழையில் ஹெட்லைட்டுக்குள் மட்டும் அது தேங்கிவிடும்.

மெல்லிய ஆவி, லைட் போட்டுக் கொஞ்ச நேரத்தில் மறைகிறது என்றால் விட்டுவிடுங்கள். மூச்சு விட அதற்கு ஓட்டை உண்டு.

சொட்டு சொட்டாக நிற்கிறது, அடியில் தேங்குகிறது என்றால் முதல் சந்தேகம் நாம் சரியாக மாட்டாத ரப்பர் மூடி. இரண்டாவது விரிசல். மூன்றாவது வாட்டர் சர்வீஸில் பிரஷர் கன்னைப் பின்னால் விட்டு அடித்தது. மூடியையும் பல்பையும் கழற்றி, பானட்டைத் திறந்து ஒரு நாள் வெயிலில் வையுங்கள். நாம் ஆண்டு முழுக்கத் திட்டும் வெயில் இந்த ஒரு வேலைக்கு உதவும். காய்ந்தபின் விரிசலில் சிலிக்கான் வைக்கலாம், ஆனால் மூச்சு ஓட்டையை அடைத்துவிடாதீர்கள். மறுபடி தேங்கினால் ரிஃப்ளெக்டர் கறுப்பதற்குள் அசெம்பிளி மாற்றிவிடுங்கள்.

கம்பெனியிலிருந்தே எல்இடி வந்த வண்டி

இதில் நம் வேலை குறைவு. ஃபியூஸ், கப்ளர் இரண்டையும் பாருங்கள், அவ்வளவே. உள்ளே மாற்ற பல்பு கிடையாது. பல வண்டிகளில் மொத்த அசெம்பிளியும் மாற்ற வேண்டும், விலை மலைக்க வைக்கும். வாரண்டி இருந்தால் திருகைக்கூடத் தொடாதீர்கள்.

அசெம்பிளி வாங்கும்போது

இடது, வலது என்பது டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்க்கிற கணக்கு. வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டு இடது என்று கேட்டுத் தப்பான பக்கம் வாங்கி வந்தவர்களில் நானும் ஒருவன். பதிவுச் சான்றில் உள்ள மாடல், மாதம், வருடத்தைக் கடைக்காரரிடம் காட்டுங்கள். பழையதையும் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். பின்னால் உள்ள கப்ளர் பின்களின் எண்ணிக்கையையும், சக்கரத்தால் ஒளியை இறக்கும் மோட்டாருக்கான இடத்தையும் ஒப்பிடுங்கள். விலை குறைந்த நகல்களில் அந்த மோட்டார் இடம் இருக்காது, வெள்ளி முலாமும் மெல்லியது. பம்பர் கிளிப் அரை டஜன் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள், கழற்றும்போது குறைந்தது இரண்டு உடையும்.